தகரக் கூரை அறை

ஜுபைலில் ஆகஸ்ட்.
பச்சைத் தண்ணீர்க் குழாயில் வெந்நீர் வருகிறது.
ஹீட்டரை அணைத்துவைத்து
அதற்குள் தேங்கி ஆறிய தண்ணீரில்
ஒருவர் பின் ஒருவராகக் குளித்துவிட்டு
சாப்பாட்டு மேசையில் காட்டை விரித்தோம்.

ஐந்து இரவுகள்.
லீவு கையெழுத்தாகிவிட்டது.
டிக்கெட்டுக்குப் போனது போக மிஞ்சியதை
பழைய பில்லின் பின்பக்கத்தில் எழுதி
அடியில் இரண்டு கோடு போட்டாள் ஜொஹரா.
இதைத் தாண்டக் கூடாது.

பூங்காவின் வாசலுக்குள்ளேயே ஒரு விடுதி.
வராந்தாவில் உட்கார்ந்திருந்தால்
மான் வந்து புல் மேயுமாம்.
"மானுக்கும் சேர்த்துத்தான் வாடகை போல"
என்றாள், விலையைப் பார்த்து.

ஆற்றுக்கு இக்கரையில் ஒரு சிற்றூர்.
பள்ளிவாசல் உண்டு, மருந்துக்கடை உண்டு.
காலையில் படகேறிக் காட்டுக்குப் போகலாம்,
பொழுது சாயத் திரும்பி
சுடச்சுட மீன்குழம்பு சாப்பிடலாம்.
"காட்டுக்குப் போறோமா
டூட்டிக்குப் போயிட்டு வர்றோமா?" என்றேன்.
முறைத்தாள்.

மூன்றாவது இடம்,
ஆற்றை எதிர்த்து மூன்று மணிநேரம் மேலே போனால்
மரக்கால்களில் நிற்கும்
தகரக் கூரை அறை.

அங்கே தங்கி வந்த ரெனாட்டோ
ஷிஃப்ட் மாறும் நேரத்தில் என்னை நிறுத்திவைத்து
எச்சரித்திருந்தான்:
துவைத்த சட்டை நான்கு நாளாகியும் காயவில்லை.
குளியலறையில் தவளை.
பெல்ட்டில் பூஞ்சை.
ராத்திரி முழுக்கத் தகரத்தில் மழை,
பக்கத்தில் படுத்திருந்த மனைவி
திட்டியதுகூடக் காதில் விழவில்லை.
போய்விடாதே, நண்பா.

அவன் குறைகளை அடுக்க அடுக்க
எனக்கு நாவூறியது.

பதினோரு வருடமாக
கடலை உறிஞ்சி உப்பைப் பிரித்து
ஊருக்குத் தண்ணீர் அனுப்பும் வேலை.
என் திரையில் தண்ணீர் என்பது
மணிக்கு இத்தனை கனமீட்டர்.
அழுத்தம், வெப்பம், மின்கடத்துதிறன்.
ஒரு பம்பு நின்றால்
மூன்று பேர் பதில் சொல்ல வேண்டும்.
யாருமே பதில் சொல்ல வேண்டாத தண்ணீர்
மீட்டர் இல்லாமல்
விடிய விடிய வீணாய்ப் போவதை
படுத்தபடி கேட்க வேண்டும் எனக்கு.

ஜொஹராவிடம் இப்படிச் சொல்லவில்லை.
"அதுதான் மலிவு" என்றேன்.

கரண்ட் எத்தனை மணி வரைக்கும்?
கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா?
காய்ச்சல் வந்தால்
மூன்று மணிநேரம் படகிலா?
ஒன்றுக்கும் என்னிடம் சரியான பதிலில்லை.

ஹனா தன் பங்குக்குக் கேட்டாள்,
"அட்டை கடிச்சா ரத்தம் நிக்காதாமே?"
"உப்பு வெச்சா விழுந்துடும்."
"அவ்வளவு உப்பையும் நீங்கதானே வாப்பா
தினம் கடல்ல கொட்டுறீங்க.
கொஞ்சம் எடுத்துட்டு வாங்க."

ஜொஹரா எழுந்து பால்கனிக் கதவைத் திறந்தாள்.
அடுப்பு வாய்போல ஒரு காற்று
உள்ளே வந்து போனது.
இஷாவுக்கு முன் உலர்த்திய என் யூனிஃபார்ம்
அட்டைபோல் விறைத்திருந்தது.
காலரிலிருந்து மணலைத் தட்டினாள்.
மடிக்கப் பார்த்தாள், மடியவில்லை.
கொஞ்ச நேரம் அதைக் கையிலேயே வைத்திருந்தாள்.

"நாலு ராத்திரி ஊருக்குள்ள.
ஒரு ராத்திரி தகரம்."
"ரெண்டு" என்றேன்.
"மழை பெஞ்சா ரெண்டு."
"பெய்யலன்னா?"
பதில் சொல்லாமல்
கோட்டுக்குக் கீழே இன்னொரு தொகையை எழுதினாள்.

மறுநாள் பம்பு அறை வாசலில்
ரெனாட்டோவிடம் சொன்னேன்.
தலையில் அடித்துக்கொண்டு
சுவரில் மாட்டியிருந்த பெட்டியிலிருந்து
காதடைக்கும் ஆரஞ்சுப் பஞ்சை அள்ளி நீட்டினான்.
ஜொஹராவுக்கு ஒரு ஜோடி,
ஹனாவுக்கு ஒரு ஜோடி எடுத்துக்கொண்டு
மூன்றாவதைப் பெட்டியிலேயே போட்டேன்.